விடுவித்த தீர்ப்பை அழிக்கச் சொல்லாதீர்கள், பெயரை மறைக்கச் சொல்லுங்கள்

கடிதத்தின் சுருக்கம்: எழுதியிருப்பவர் தென் மாவட்டம் ஒன்றைச் சேர்ந்தவர், வயது 38. 2014இல் தம் ஊர்க் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் கணக்கராக இருந்தார். நகைக்கடன் கணக்கில் பணம் குறைகிறது என்று புகார் எழுந்து, சங்கச் செயலாளரோடு இவரும் கைதானார். 11 நாள் சிறையில் இருந்தார். 2017இல் நடுவர் நீதிமன்றம் ஓராண்டுத் தண்டனை விதித்தது, அமர்வு நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2019இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சீராய்வு மனுவை ஏற்று இவரை விடுவித்தது. அடகுப் பதிவேட்டின் மூலப்பிரதியே நீதிமன்றத்துக்கு வரவில்லை என்பதும், ரசீதுகளில் இருந்த கையெழுத்து இவருடையது என்று நிரூபிக்கப்படவில்லை என்பதும் அதற்குக் காரணங்கள்.

இப்போது திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறார். அண்மையில் வேறொரு நிறுவனத்தின் நேர்முகத்தில், எதிரே இருந்த மனிதவள அலுவலர் மடிக்கணினியைத் திருப்பிக் காட்டி, “சார், இது நீங்கதானா?” என்று கேட்டிருக்கிறார். திரையில் முதலில் இருந்தது உயர் நீதிமன்றத் தீர்ப்பு. அதற்குக் கீழே 2014இல் ஒரு நாளிதழ் வெளியிட்ட கைதுச் செய்தி, படத்தோடு. அந்த வேலை கிடைக்கவில்லை. பிறகு தேடுபொறி நிறுவனத்துக்கும், தீர்ப்புகளைத் தொகுத்துத் தரும் இணையதளத்துக்கும் மூன்று முறை மின்னஞ்சல் அனுப்பியும் பயனில்லை. ‘எல்லாவற்றையும் அழித்துத் தருகிறோம்’ என்ற ஒரு முகவருக்கு 45,000 ரூபாயில் பாதியைக் கொடுத்துவிட்டார். இதற்கிடையே, நான்கு மாதங்களுக்கு முன் பங்காளி ஒருவர் அந்தத் தீர்ப்பின் திரைப்பிடிப்பை ‘மோசடி மன்னன்’ என்ற வரியோடு உறவினர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார்.

அவர் கேட்பவை நான்கு. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றான பிறகு, இவற்றை நீக்கச் சொல்ல எனக்கு உரிமை இல்லையா? முகவர் சொல்வது நடக்குமா? விடுதலையாகிவிட்டதால் வேலைப் படிவத்தில் ‘வழக்கு ஏதும் இல்லை’ என்று எழுதலாமா? இணையதளம், நாளிதழ், பங்காளி மூவர் மேலும் அவதூறு வழக்குப் போடலாமா?

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் அனுப்பிய தீர்ப்பு நகலை முழுவதும் படித்தேன். மொத்தம் 14 பத்திகள். உங்களை விடுவிக்கும் வரி 13ஆம் பத்தியில் இருக்கிறது. தேடுபொறி எடுத்துக் காட்டுவதோ 2ஆம் பத்தியை. நம் குற்றவியல் தீர்ப்புகள் பெரும்பாலும் ‘அரசுத் தரப்பு வழக்கின் சுருக்கம் வருமாறு’ என்று தொடங்கி, அதன் பின் குற்றச்சாட்டை நடந்தேறிய சம்பவம் போலவே சொல்லிக்கொண்டு போகும். நீதிமன்றத்தில் புழங்குகிறவர்களுக்கு அது வெறும் குற்றச்சாட்டு என்று தெரியும். தொடக்க வாக்கியத்தை விட்டுவிட்டு அடுத்த இரண்டு வரிகளை மட்டும் வெட்டிப் போடும்போது, பணத்தை எடுத்தது நீங்கள்தான் என்று உயர் நீதிமன்றமே சொல்வதுபோல் ஆகிவிடுகிறது. அந்த அலுவலர் பார்த்தது அதைத்தான். அவர் கீழே இறங்கிப் படித்திருக்க மாட்டார். நாமும் பிறர் விஷயத்தில் படிப்பதில்லை.

இதில் நம் பெயர்முறையும் சேர்ந்துகொள்கிறது. ஊரில் உங்கள் பெயரில் நூறு பேர் இருப்பார்கள். முதலெழுத்தைச் சேர்த்தாலும் பத்துப் பேராவது தேறுவார்கள். ஆனால் தீர்ப்பின் தலைப்பில் தந்தை பெயர் முழுதாக இருக்கிறது, கடவுச்சீட்டிலும் முதலெழுத்தை விரித்துத் தந்தை பெயரைக் குடும்பப் பெயராகக் கொடுத்திருக்கிறீர்கள். நிறுவனங்கள் கடவுச்சீட்டில் உள்ளபடி பெயரை இட்டுத் தேடும்போது இரண்டும் எழுத்துப் பிசகாமல் பொருந்துகின்றன.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘சந்தேகத்தின் பலனை அளித்து விடுவிக்கப்படுகிறார்’ என்ற தொடர் உங்களை உறுத்துகிறது, அரைகுறை விடுதலை போலத் தோன்றுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படி இல்லை. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் விடுதலைக்கு முதல் தரம், இரண்டாம் தரம் என்று பிரிவு கிடையாது. ‘கௌரவமான விடுதலை’ என்ற சொல்லே அந்தச் சட்டத்தில் இல்லை. காவல்துறை போன்ற சில அரசுப் பணிகளின் தேர்வு விதிகள் மட்டும் சந்தேகத்தின் பலனால் வந்த விடுதலையை வேறு கண்ணோடு பார்க்கின்றன. நீங்கள் நாடுவது தனியார் வேலை. அந்தக் கவலை உங்களுக்கு வேண்டாம்.

அந்தரங்க உரிமை எதுவரை வரும்

2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடர்ந்த வழக்கில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகச் சொன்னது உண்மை. ஆனால் எந்த அடிப்படை உரிமைக்கும் எல்லை உண்டு. இந்த உரிமைக்கு நீதிமன்ற ஆவணங்கள் ஒரு பழைய எல்லை. அந்த எல்லையை வகுத்ததும் நம் மாநிலத்து வழக்குதான். சிறையிலிருந்த ஆட்டோ சங்கர் எழுதியதாகச் சொல்லப்பட்ட தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிட முனைந்ததால் எழுந்த அந்த வழக்கில், தனித்து விடப்படும் உரிமை குடிமக்களுக்கு உண்டு என்று 1994இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. கூடவே, ஒரு செய்தி நீதிமன்ற ஆவணம் உள்ளிட்ட பொது ஆவணத்தில் ஏறிவிட்டால் அதைப் பொறுத்தவரை அந்த உரிமை நிற்காது என்றும் சொன்னது. பாலியல் குற்றம் போன்றவற்றில் பாதிக்கப்பட்ட பெண்களுக்கு மட்டும் விலக்கு அளித்தது.

1994இல் பொது ஆவணம் என்றால் என்னவென்று நினைத்துப் பாருங்கள். துணியில் முடிச்சுப் போட்டுப் பதிவறை அலமாரியில் கிடக்கும் ஒரு கட்டு அது. உங்கள் தீர்ப்பை ஒருவர் பார்க்க வேண்டுமானால் வழக்கு எண் தெரிந்திருக்க வேண்டும், நகல் மனுப் போட்டு முத்திரைவில்லை ஒட்ட வேண்டும், நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். தூசியும் தாமதமும் சேர்ந்து உங்களுக்கு ஒரு மறைப்பைக் கொடுத்தன. அந்த மறைப்பு உரிமை என்று எங்கும் எழுதப்படவில்லை. எழுத வேண்டிய தேவையும் அப்போது இல்லை. இன்று அந்தக் கட்டை அவிழ்க்க அரை வினாடி போதும், ஆனால் சட்டம் இன்னும் கட்டைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறது. உங்கள் நிலையில் இருப்பவர்களுக்கு இதுதான் உண்மையான குறை என்பது என் எண்ணம்.

மதுரைக் கிளையிலேயே உங்களுடையதை ஒத்த வழக்கு ஒன்று வந்தது. கீழமை நீதிமன்றத்தில் தண்டிக்கப்பட்டு 2014இல் உயர் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்ட ஒருவர், அந்தத் தீர்ப்பிலிருந்து தம் பெயரை நீக்கக் கேட்டார். 2021 ஆகஸ்டில் நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், மனுதாரரின் வேதனையை ஒப்புக்கொண்டபோதிலும், உரிய சட்டமும் அளவுகோலும் இல்லாமல் நீதிமன்றம் இதில் இறங்க முடியாது என்று மனுவைத் தள்ளுபடி செய்தார். மேல்முறையீட்டில் 2024 பிப்ரவரி 27 அன்று இரு நீதிபதிகள் அமர்வு அதை மாற்றி, பெயரை மறைக்கவும், தீர்ப்புகளைத் தொகுத்துத் தரும் இந்தியன் கானூன் தளத்திலிருந்து அந்தத் தீர்ப்பை எடுக்கவும் உத்தரவிட்டது. இதை எதிர்த்து அந்தத் தளம் உச்ச நீதிமன்றம் போக, 2024 ஜூலையில் அந்த உத்தரவு நிறுத்தி வைக்கப்பட்டது. விடுதலையானவர்கள் எல்லாம் தீர்ப்பையே எடுக்கச் சொன்னால் விளைவுகள் கடுமையாக இருக்கும் என்பதே உச்ச நீதிமன்றத்தின் கவலை. டெல்லி உயர் நீதிமன்றம் 2021இல், போதைப்பொருள் வழக்கில் விடுதலையான ஓர் அமெரிக்கக் குடிமகனுக்குச் சாதகமாக இடைக்கால உத்தரவு போட்டிருக்கிறது. கேரள உயர் நீதிமன்றமோ 2022 டிசம்பரில், குடும்ப வழக்குகளுக்கு மட்டும் வழிவிட்டு, மற்றவற்றில் திறந்த நீதிமன்றக் கொள்கையே மேல் என்றது. ஆக, நீங்கள் மனுப் போடும் நாளில் உச்ச நீதிமன்ற வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்பதை உங்கள் வழக்கறிஞர் முதலில் பார்த்தாக வேண்டும். அதைப் பொறுத்து உங்கள் மனு உடனே விசாரிக்கப்படலாம், காத்திருக்கவும் நேரலாம்.

உங்கள் மின்னஞ்சல்களுக்குப் பதில் வராததற்கும் சட்டக் காரணம் உண்டு. பிறர் ஏற்றிய செய்திகளை இணைத்துக் காட்டும் நிறுவனங்கள், நீதிமன்ற ஆணையோ அரசின் அறிவிப்போ வந்தால்தான் நீக்கக் கடமைப்பட்டவை என்று 2015இல் ஸ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. தீர்ப்புகளை மறுபதிப்புச் செய்வதும் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவு அனுமதிக்கும் செயல்தான்.

2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை நம்பியும் எழுதியிருக்கிறீர்கள். அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின. அழிக்கக் கோரும் உரிமை போன்ற முக்கியப் பிரிவுகள் நடைமுறைக்கு வர அதிலிருந்து பதினெட்டு மாதம் ஆகும். வந்த பிறகும், நீதிமன்றங்கள் தம் பணிக்காகக் கையாளும் தரவுக்கு அந்தச் சட்டமே விலக்கு தருகிறது. சட்டக் கடமைப்படி பொதுவில் வெளியிடப்பட்ட தரவுக்கு அது பொருந்தாது என்ற வாதமும் உங்களுக்கு எதிராக வரும். கடை, வங்கி, செயலி ஆகியவற்றிடம் நீங்கள் கொடுத்த விவரங்களுக்கு அது நல்ல ஆயுதம். உங்கள் தீர்ப்புக்கு அது பெரிதாக உதவாது.

தீர்ப்பு போய்விட்டால் என்ன மிஞ்சும்

நாளையே அந்தத் தீர்ப்பு இணையத்திலிருந்து மறைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் பெயரைத் தேடினால் அப்போது முதலில் வருவது எது? கையைப் பிடித்து ஜீப்பில் ஏற்றும் படத்தோடு 2014இன் கைதுச் செய்தி. நீங்கள் கைதானதைப் போட்ட நாளிதழ், விடுதலையானதைப் போடவில்லை. இணையத்தில் நீங்கள் குற்றமற்றவர் என்று சொல்லும் ஒரே காகிதம் நீங்கள் அழிக்கத் துடிக்கும் அந்தத் தீர்ப்புதான். அதனால்தான் முதலில் நாளிதழை அணுகச் சொல்கிறேன்.

தீர்ப்புகள் பொதுவில் இருப்பதால் உங்களைப் போன்றவர்களுக்கே நன்மை உண்டு. மூலப் பதிவேட்டைத் தாக்கல் செய்யாத ஒரு வழக்கு உடைந்தது என்பதை நாளை இன்னொரு கணக்கரின் வழக்கறிஞர் படித்துப் பயன்படுத்துவார். அதற்கு அவருக்கு உங்கள் பெயர் வேண்டியதில்லை. பதிவேடு வரவில்லை என்ற செய்தி போதும். பாலியல் வழக்குகளில் பாதிக்கப்பட்டவர் பெயரையும், சிறார் வழக்குகளில் சிறுவரின் அடையாளத்தையும் சட்டப்படி மறைத்தே தீர்ப்புகள் வெளியாகின்றன. அவற்றை வைத்து வழக்கறிஞர்களாகிய நாங்கள் அன்றாடம் வாதிடுகிறோம். சட்டம் ஒன்றும் குறைந்துபோய்விடவில்லை. ஆகவே உங்கள் கோரிக்கை ‘தீர்ப்பை எடுங்கள்’ என்றல்லாமல், ‘இணையப் பிரதியில் என் பெயர், தந்தை பெயர், முகவரியை மறையுங்கள், தேடுபொறி என் பெயரை இட்டுத் தேடும்போது காட்டாதிருக்கட்டும்’ என்று இருக்கட்டும். உச்ச நீதிமன்றத்தின் கவலை தீர்ப்பு அழிவதைப் பற்றியது என்பதால், சிறிய கோரிக்கைக்கே வாய்ப்பு அதிகம் என்று கருதுகிறேன்.

ஐரோப்பாவிலும் இதே வேறுபாட்டைத்தான் செய்தார்கள். கடனுக்காகத் தம் சொத்து ஏலத்துக்கு வந்ததாக 1998இல் ஸ்பெயின் நாளிதழ் ஒன்றில் வெளியான அறிவிப்பை எதிர்த்து ஒருவர் தொடர்ந்த வழக்கில், 2014 மே மாதம் ஐரோப்பிய நீதிமன்றம் தேடல் முடிவிலிருந்து அதை நீக்கச் சொன்னது. நாளிதழின் பக்கம் அப்படியே இருந்தது. அந்த மனிதரின் பெயரும் கடனும் இன்று உலகத்துச் சட்டக் கல்லூரிகளில் எல்லாம் பாடம் என்பது வேறு கதை. உங்களுக்கு அது நேரக் கூடாது. மனுவைத் தாக்கல் செய்யும்போதே பெயரை மறைத்துப் பதிவு செய்ய அனுமதி கேட்கும் துணை மனுவைச் சேர்த்துப் போடச் சொல்லுங்கள். இதை மறந்தால் ஒரு தீர்ப்பு இருந்த இடத்தில் இரண்டு நிற்கும்.

முகவரிடம் மீதிப் பணம் கொடுக்காதீர்கள்

இவர்கள் செய்வது பெரும்பாலும் இரண்டில் ஒன்று. உங்கள் பெயரில் பத்து வலைப்பக்கங்களை உருவாக்கி, பழைய முடிவுகளைக் கீழே தள்ளப் பார்ப்பார்கள். இது சட்ட விரோதம் அல்ல, நிலைக்கவும் நிலைக்காது. அல்லது அந்தச் செய்தி தங்களுடைய படைப்பு என்று பொய்யான பதிப்புரிமைப் புகார் அனுப்புவார்கள். இது ஆபத்து. புகார் உங்களுக்காக அனுப்பப்பட்டது என்று வெளிப்பட்டால், மோசடி வழக்கிலிருந்து விடுதலையான ஒருவர் பொய்ப் புகாரில் சிக்கியதாகிவிடும். கூகுளுக்குப் போகும் நீக்கக் கோரிக்கைகள் பல, லூமன் என்ற பொதுத் தரவுத்தளத்தில் எவரும் பார்க்கும்படி வைக்கப்படுகின்றன என்பதையும் அறிந்துகொள்ளுங்கள். எந்த முறையில் நீக்குவீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். பதில் வராது என்றே நினைக்கிறேன். வராவிட்டால் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்டு நுகர்வோர் ஆணையத்தை நாடலாம்.

படிவத்தில் எழுதுவது

இங்கேதான் நீங்கள் பெரிய தவறு செய்ய இருந்தீர்கள். கேள்வியை எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ‘தண்டனை பெற்றதுண்டா?’ என்றால், அந்தத் தண்டனை ரத்தாகிவிட்டதால் ‘இல்லை’ என்பது உண்மையான பதில். ‘வழக்கு நிலுவையில் உள்ளதா?’ என்றாலும் ‘இல்லை’. ஆனால் ‘எப்போதாவது கைது செய்யப்பட்டதுண்டா, வழக்குத் தொடரப்பட்டதுண்டா?’ என்று கேட்டால் பதில் ‘ஆம்’ ஒன்றுதான். விடுதலை அந்தக் கைதை நடக்காததாக ஆக்குவதில்லை. அவ்தார் சிங் வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம், பணியில் சேருகிறவர் கேட்கப்பட்ட விவரத்தை உண்மையாகச் சொல்ல வேண்டும், மறைத்தால் அந்த மறைப்பே நடவடிக்கைக்குக் காரணமாகலாம் என்று வகுத்தது. அது அரசுப் பணிகளைச் சார்ந்து எழுந்தது. தனியார் நிறுவனத்திலோ, பொய்யான தகவல் தந்தால் நீக்கலாம் என்ற வரி நியமன ஆணையிலேயே இருக்கும். பின்னணி சரிபார்க்கும் நிறுவனங்கள் தேடுபொறியோடு நிற்பதில்லை. நீதிமன்ற வழக்கு விவரங்களைத் தரும் இ-கோர்ட்ஸ் தளத்தில் மாவட்டம், நீதிமன்ற வளாகம், ஆண்டு, கட்சிக்காரர் பெயர் கொடுத்துப் பார்க்கிறார்கள்.

எனவே ‘ஆம்’ என்று குறித்து, கீழே இப்படி எழுதுங்கள்: “2014இல் தொடரப்பட்ட வழக்கில், உயர் நீதிமன்றம் 2019இல் கீழமை நீதிமன்றங்களின் தீர்ப்புகளை ரத்து செய்து என்னை விடுவித்தது. தீர்ப்பின் சான்றிட்ட நகல் இணைக்கப்பட்டுள்ளது.” தேடுபொறி காட்டுவதற்கு முன் நீங்களே 13ஆம் பத்தியைக் காட்டிவிடுகிறீர்கள். இதையும் மீறி வேலை தர மறுக்கும் நிறுவனங்கள் இருக்கும். தனியார் நிறுவனம் ஒன்றை இதற்காகக் கட்டாயப்படுத்தச் சட்டத்தில் வழி குறைவு என்பதை மறைக்காமல் சொல்கிறேன்.

எதை எந்த வரிசையில் செய்வது

முதலில் மதுரைக் கிளையில் நகல் மனுப் போட்டுத் தீர்ப்பின் சான்றிட்ட நகல்கள் நான்கு வாங்குங்கள். இணையத்திலிருந்து அச்சிட்ட தாளை எவரும் மதிப்பதில்லை.

அடுத்து, நாளிதழின் ஆசிரியருக்குப் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் ஒரே கடிதத்தை அனுப்புங்கள். செய்தியை அழிக்கக் கேட்காதீர்கள். ‘இந்த வழக்கில் இவர் 2019இல் உயர் நீதிமன்றத்தால் விடுவிக்கப்பட்டார்’ என்ற ஒரு வரியைச் செய்தியின் தலையில் சேர்க்கவும், படத்தை எடுக்கவும் கேளுங்கள். அழிக்கச் சொன்னால் எந்த ஆசிரியரும் விறைப்பாவார்; விடுபட்ட செய்தியைச் சேர்க்கச் சொன்னால் மறுக்க அவருக்கு நியாயம் இருக்காது. நாளிதழ் மேல் அவதூறு வழக்கு என்ற எண்ணத்தை விட்டுவிடுங்கள். அன்று நீங்கள் கைதானது உண்மை. அவதூறுக்கு இழப்பீடு கேட்கும் உரிமையியல் வழக்குக்குக் கெடு வெளியான நாளிலிருந்து ஓராண்டு. அதுவும் எப்போதோ கடந்துவிட்டது. தீர்ப்பை அப்படியே வெளியிட்ட இணையதளத்தின் மேலும் அவதூறு நிற்காது. நீதிமன்ற நடவடிக்கையை உள்ளபடி வெளியிடுவது சட்டத்தின் விதிவிலக்குகளில் ஒன்று.

அதன் பிறகே உயர் நீதிமன்றத்தில் பெயரை மறைக்கக் கோரும் ரிட் மனு. அந்த மனுவில் நாளிதழின் பதிலை இணைத்தால் உங்கள் தரப்பு வலுப்படும். வேலை மறுக்கப்பட்ட மின்னஞ்சலையும் பத்திரப்படுத்தி வையுங்கள்; பாதிப்பு கற்பனை அல்ல என்று காட்ட அது வேண்டும்.

பங்காளியின் பதிவு மட்டும் வேறு வகை. தீர்ப்பைப் பகிர்வது குற்றமில்லை. விடுதலையானது தெரிந்திருந்தும் ‘மோசடி மன்னன்’ என்று எழுதியது இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356ஆம் பிரிவின்படி அவதூறாக நிற்கக்கூடியது. பாகப்பிரிவினைத் தகராறு ஒன்று இடையில் ஓடுகிறது என்று கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதுதான் இதன் வேர் என்று படுகிறது. குழுவிலிருந்து வெளியேறிவிடாமல் பதிவு, தேதி, அனுப்பியவர் எண் மூன்றும் தெரியும்படி திரைப்பிடிப்பு எடுத்துவையுங்கள், உரையாடலை அழிக்காதீர்கள், அது இருக்கும் கைபேசியையும் மாற்றாதீர்கள். பிறகு தீர்ப்பு நகலை இணைத்து, பதிவை நீக்கி அதே குழுவில் வருத்தம் தெரிவிக்கக் கேட்டு வழக்கறிஞர் அறிவிப்பு அனுப்புங்கள். இத்தகைய பதிவுகள் பெரும்பாலும் அறிவிப்போடு அடங்கிவிடுகின்றன. அடங்காவிட்டால் இழப்பீட்டு வழக்குக்கு உங்களுக்கு மிஞ்சியிருப்பது எட்டு மாதம். நாளிதழின் பதிலுக்காகக் காத்திருந்து இந்தக் கெடுவைத் தவறவிட வேண்டாம். அறிவிப்பை இந்த வாரமே அனுப்பிவிடுங்கள்.